சுங்கை சிப்புட்டில் தவளைகள் போரிட்டனவா?

பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முதலில் மழையில்தான் ஆரம்பிப்பார். "ராத்திரி பூரா மழைப்பா. விடியக்காலம் பெரட்டுக்குப் போனா, இன்னிக்கு வெட்டு இல்லன்னு சொல்லிட்டாங்க." மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் பட்டையில் வழிந்து ஓடிவிடும், மங்கில் தண்ணீர்தான் நிற்கும். அன்று தோட்டத்தில் எல்லாருக்கும் வேலை இல்லை. கீழ்க்காட்டுக் குட்டையில் தவக்களைகள் சண்டை போட்டுக்கொள்கின்றன என்று ஒரு பையன் ஓடிவந்து சொல்ல, லயமே கிளம்பிப் போய்ப் பார்த்ததாம்.

பாட்டி பார்த்தது இதுதான். நூற்றுக்கணக்கில் தவளைகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. ஒன்றை ஏழெட்டு சேர்ந்து அமுக்கின. சில வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு செத்து மிதந்தன. சத்தம் காதைக் கிழித்தது. நடுவில் மாடு கத்துவதுபோல ஒரு சத்தம். ஓரப் புல்லில் எல்லாம் நுரை. "விஷம் கக்கி நுரை தள்ளியிருந்துச்சு." தண்ணீருக்குள் கறுப்பு மணி மணியாய் நீளமாக ஏதோ கிடந்தது. "அது கொடலு. கொடலு சரிஞ்சு கெடந்துச்சு." மறுநாளும் மழை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரு தவளைகூட இல்லை.

இது 1970-ஆம் ஆண்டு கடைசியில். அதே நவம்பரில்தான் சுங்கை சிப்புட்டில் நடந்த 'பெராங் காத்தாக்', அதாவது தவளைப் போர், செய்தியாகி நாடு தாண்டியும் போனது. ஆயிரக்கணக்கான தவளைகள் ஒன்றையொன்று தாக்குவதாகச் சொன்னார்கள், மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பாட்டி பார்த்தது பக்கத்துத் தோட்டத்துக் குட்டை. செய்தியில் வந்தது வேறு குட்டை. ஆனால் ஒரே மாதம், ஒரே மழை.

இன்று மலேசியாவில் தவளை என்றாலே கட்சி தாவும் அரசியல்வாதிதான் ஞாபகத்துக்கு வருவார். 2022-இல் அதற்கென்று அரசியலமைப்பையே திருத்தினோம். அந்தத் தவளையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது நிஜத் தவளையைப் பற்றி.

முதலில் கேள்விக்குப் பதில். சுங்கை சிப்புட்டில் தவளைகள் போரிட்டனவா? இல்லை. அது இனப்பெருக்கம். உயிரியலாளர்கள் அப்போதே அதைத்தான் சொன்னார்கள். அந்த விளக்கம் ஆங்கிலத்தில் வந்தது. பாட்டியின் லயத்துக்கு வந்து சேரவே இல்லை. 2018-இல் நான் சொல்லும்வரை, 48 ஆண்டுகள், அது அவருக்குப் போராகவே இருந்தது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. பாட்டி பார்த்ததில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவர் கண் அத்தனையையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

கழுத்தை நெரித்தது ஏன்? ஆண் தவளை பெண்ணின் முதுகில் ஏறி, முன்கால்களால் அக்குளையோ இடுப்பையோ இறுக்கிக் கட்டிக்கொள்ளும். இனப்பெருக்கக் காலத்தில் பிடி வழுக்காமல் இருக்க அதன் கட்டைவிரலில் சொரசொரப்பான திட்டு வளரும். பெரும்பாலான தவளைகளில் கருத்தரிப்பு உடலுக்கு வெளியேதான். பெண் முட்டையைத் தண்ணீரில் விடும்போது ஆண் அதன்மேல் விந்தை விடவேண்டும். அந்த நேரத்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காக மணிக்கணக்கில், சில இனங்களில் நாள்கணக்கில்கூட, பிடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த விஷயத்தை நிரூபித்த கதை வேடிக்கையானது. 18-ஆம் நூற்றாண்டில் லாசரோ ஸ்பல்லன்சானி என்ற இத்தாலியப் பாதிரியார் ஆண் தவளைகளுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டார். விளையாட்டில்லை, மெழுகு பூசிய பட்டுத்துணியில் நிஜக் கால்சட்டை. கால்சட்டை போட்ட ஆணும் பெண்ணைக் கட்டிப் பிடித்தது, பெண்ணும் முட்டையிட்டது, ஆனால் ஒரு முட்டையிலிருந்தும் தலைப்பிரட்டை வரவில்லை. கால்சட்டையில் சிந்திக் கிடந்த துளியை எடுத்து முட்டைகளில் தடவினார், வந்தது. 1780-இல் இதையெல்லாம் புத்தகமாகவே போட்டார்.

இவ்வளவு கச்சிதமான சோதனை செய்தவர் முடிவில் சறுக்கினார். முழு உயிரும் முட்டைக்குள் ஏற்கெனவே சின்னதாக இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. விந்தை வடிகட்டியபோது, கீழே இறங்கிய நீருக்குக் கருத்தரிக்கும் சக்தி போய்விட்டதையும், வடிதாளில் தங்கியதில் அந்தச் சக்தி இருந்ததையும் அவரே கண்டார். தங்கியவை விந்தணுக்கள். ஆனால் அவற்றுக்கு இதில் பங்கிருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டே வேறு விடை சொன்னார். ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிக்கே அப்படி என்றால், ஒரு பால்வெட்டுத் தொழிலாளியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஏழெட்டு சேர்ந்து ஒன்றை அமுக்கியது ஏன்? இதற்கு நம் வட்டாரத்து ஆராய்ச்சியிலிருந்து தொடங்கவேண்டும். பி. ஒய். பெர்ரி 1964-இல் சிங்கப்பூரின் ஏழு தவளை இனங்கள் எப்படி இனப்பெருக்கம் செய்கின்றன என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1962-இல், ஜே. ஏ. புல்லக்குடன் சேர்ந்து, நம் வீட்டு வாசலில் விளக்கடியில் உட்கார்ந்திருக்குமே அந்தச் சாதாரணத் தேரை, அது என்ன சாப்பிடுகிறது என்று வயிற்றைத் திறந்து பார்த்து எழுதினார். எறும்பும் கறையானும்தான் அதன் சோறு. 1975-இல் தீபகற்ப மலேசியாவின் தவளைகளைப் பற்றிப் பெர்ரியின் புத்தகம் கோலாலம்பூரில் வெளிவந்தது. ஆக, சுங்கை சிப்புட் 'போர்' நடந்த காலத்தில் நம் தவளைகளை ஆராய ஆளே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் தவளைகளின் கூட்டத்தைப் பொதுவாக விளங்கிக்கொள்ள ஒரு நல்ல சட்டகம் 1977-இல்தான் கிடைத்தது. கென்ட்வுட் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தவளைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசினார். ஒரு வகை மாதக்கணக்கில் நிதானமாக இனம் பெருக்கும். ஆண் தனக்கென ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து கத்தும், பெண் சத்தத்தைக் கேட்டுத் தேடி வரும். இன்னொரு வகைக்கு மழை பெய்து குட்டை நிரம்பிய சில இரவுகள்தான் காலம். அந்தச் சில இரவுகளுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த நெரிசலில் கத்திக் கூப்பிட்டுக் காத்திருந்தால் நடக்காது. ஆண்கள் அசைவதை எல்லாம் தாவிப் பிடிக்கும். பெண்ணைப் பிடிக்கும், இன்னொரு ஆணைப் பிடிக்கும், வேறு இனத் தவளையைப் பிடிக்கும், சில சமயம் செத்ததையும் விடாது. தவறாகப் பிடிபட்ட ஆண் உடம்பை அதிரவைத்து 'விடு விடு' என்பதுபோல ஒரு தனிச் சத்தம் போடும். பிடித்தது புரிந்துகொண்டு விட்டுவிடும். பாட்டியின் காதைக் கிழித்த சத்தத்தில் ஒரு பங்கு இந்த 'விடு விடு'தான்.

பெண்ணை ஒரே நேரத்தில் பல ஆண்கள் பிடித்துக்கொண்டால் அது பந்துபோல உருளும். அடியில் மாட்டிய பெண் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தவை பெரும்பாலும் இப்படிச் செத்தவையாகத்தான் இருக்கவேண்டும்.

மாடுபோலக் கத்தியது? அது கலோலா புல்க்ரா. முதுகின் இரண்டு பக்கமும் பழுப்பு மஞ்சள் பட்டை உள்ள குண்டுத் தவளை. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அடைமழைக்குப் பிறகு லொங்காங்கிலிருந்து 'ம்ம்ஆ' என்று வரும் சத்தத்தைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. மூன்றாம் நாள் எங்கே மறைந்தது என்பதற்கும் இதனிடமே பதில் உண்டு. பின்காலில் மண்வெட்டிபோல ஒரு மேடு இருக்கிறது. அதை வைத்து மண்ணைக் கிளறிக்கொண்டு பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கிவிடும். பாட்டி நின்ற இடத்துக்குக் கீழேயே சில இருந்திருக்கலாம்.

அடுத்தது நுரை. இதைச் சொல்லும்போதுதான் பாட்டி முகத்தைச் சுளிப்பார். அது விஷம் இல்லை. அதுதான் தொட்டில். நான்கு கோடு மரத்தவளை, நம் வீட்டு வாளிக்குள்ளும் பூந்தொட்டிக்குள்ளும் வருமே அதுதான், தண்ணீருக்கு மேலே இலையிலோ புல்லிலோ சுவரிலோ முட்டையிடும். பெண் தன் உடலிலிருந்து வரும் திரவத்தைப் பின்கால்களால் முட்டை அடிப்பதுபோல அடித்து நுரையாக்கும். முட்டைகள் அதற்குள் காயாமல் இருக்கும். பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும்.

அப்புறம் குடல். தேரை முட்டைகளை ஒவ்வொன்றாகப் போடாது. வழவழப்பான கண்ணாடிக் கயிற்றில் கறுப்பு மணி கோத்ததுபோல நீள நீளமாக இடும். அவை தண்ணீர்ச் செடிகளைச் சுற்றிக் கிடக்கும். தூரத்திலிருந்து, சண்டை என்று முடிவு கட்டிய கண்ணோடு பார்த்தால், அது குடல்தான்.

ஆக, போருக்குச் சாட்சியாகப் பாட்டி 48 ஆண்டுகள் வைத்திருந்த அத்தனையும் பிறப்பின் தடயங்கள். இது எனக்குப் புரிந்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வேறொரு கேள்வி வந்தது. ஏன் போர் என்று தோன்றியது? தோட்டத்து ஆட்களுக்குத் தவளை புதிதா என்ன? மழைக்கு மழை பார்க்கிறவர்கள்தானே?

1970 எப்படிப்பட்ட ஆண்டு என்று யோசிக்கவேண்டும். மே 13 கலவரம் முடிந்து ஒன்றரை வருடம். நாடாளுமன்றம் இன்னும் முடங்கித்தான் இருந்தது, 1971 பிப்ரவரியில்தான் மறுபடி கூடியது. ஆகஸ்டில் ருக்குன் நெகாரா வந்தது. செப்டம்பரில் துங்கு பதவியிலிருந்து இறங்கி, ரசாக் பிரதமரானார். சுங்கை சிப்புட் வேறு சாதாரண ஊர் இல்லை. 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலமே அங்கேதான் தொடங்கியது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சண்டை என்பது படித்துத் தெரிந்துகொண்ட விஷயமில்லை.

பாட்டிக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்கவேண்டும் என்றானது. பிறந்த பத்திரம் இல்லாதவர்கள், மனுப் போடத் தெரியாதவர்கள், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள் தோட்டத்தில் நிறைய. ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். பாட்டியின் அண்ணனிடம் இருந்தது சிவப்பு ஐசி. அவர் குடும்பம் அந்த ஆண்டுதான் பினாங்கிலிருந்து 'ரஜுலா'வில் போனது. தவளை பார்த்ததற்கு ரெண்டு மாசம் முன்னாடி என்பார் பாட்டி. அதன் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. கடிதம் மட்டும் சில வருடம் வந்துகொண்டிருந்தது.

"அடுத்து என்னமோ வரப்போகுதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டிருந்த நேரம்யா. அப்ப இத பாத்தா வேற என்ன தோணும்?" என்றார்.

ஒருவர் எதைப் பார்த்தார் என்பதோடு, பார்க்கும்போது எந்த ஆண்டில் நின்றுகொண்டிருந்தார் என்பதும் வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1970-இன் தவளைப் போரை 'மூடநம்பிக்கை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் தவளையும் புரியாது, அந்த மனிதர்களும் புரியமாட்டார்கள்.

நான் பாட்டியிடம் விளக்கம் சொன்ன நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் கைபேசியில் படம் காட்டிச் சொன்னேன். நுரைக்கூட்டைப் பார்த்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப அது கல்யாணமா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணமா இருந்தா என்னா, செத்தது செத்ததுதானே. செத்தது பூரா பொண்ணுங்கதானே?" என்றார். நான் அசடு வழிந்தேன். இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. போர் இல்லை என்று சொன்னால் எல்லாம் சுபம் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கதை என்னை ஏன் விடவில்லை என்றால், என் வேலை அப்படி. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்துவிட்டு வடிகால் வடிவமைக்கிறேன். ஒரு தாமான் கட்டினால் அங்கே விழும் மழை ஒரேயடியாக ஆற்றுக்குப் போய் வெள்ளம் ஆகாமல் இருக்க, ஒரு குளத்தில் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து மெதுவாக விடவேண்டும். 2001-இலிருந்து மஸ்மா கையேடு நடைமுறைக்கு வந்தபின் புதிய வீடமைப்புத் திட்டங்களில் இந்தத் தேக்கக் குளங்கள் வழக்கமாகிவிட்டன. இவற்றில் ஒரு வகை காய்ந்த குளம். மழை நின்ற 24 மணி நேரத்துக்குள் வடிந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. நீர் நின்றால் கொசு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க நம் வெயிலுக்கு 7 முதல் 10 நாள் போதும். டெங்கியில் ஆள் சாகும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மழை நிரப்பும் தற்காலிகக் குட்டை, மீன் இல்லாத தண்ணீர், ஓரத்தில் புல். தவளைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கலோலாவின் தலைப்பிரட்டை தவளையாக இரண்டு வாரம் போதும், தவளை உலகில் அது அதிவேகம். தேரைக்கு ஒரு மாதம் வரை, சில சமயம் அதற்கு மேலும். எங்கள் குளம் கொடுப்பது ஒரு நாள்.

2019-இல் ஒரு குளத்தின் வெளிவாயில் சேற்றில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் பத்து நாளாக நின்றது. குடியிருப்பாளர்கள் இரண்டு புகார் கொடுத்தார்கள். ஒன்று கொசு, இன்னொன்று ராத்திரியில் மாடு கத்துகிறது. பம்ப் வைத்து இறைக்கச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். மறுநாள் பார்க்கப் போனேன். சேற்றில் கறுப்பாக ஏதோ பூசியதுபோல இருந்தது. குனிந்து பார்த்தால் தலைப்பிரட்டைகள். சிலதுக்குப் பின்கால் முளைத்திருந்தது. இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் கரையேறியிருக்கும்.

நான் செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தாமானில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் அன்று அந்தத் தண்ணீரில் இருப்பது என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை, நானும் குனிந்து பார்க்கவில்லை. புகாரில் கொசு என்று இருந்தது, மாடு என்று இருந்தது. தவளை என்று எங்குமே இல்லை. பாட்டி பயத்தோடு பார்த்தார், நான் கோப்பைப் பார்த்தேன். பாட்டியாவது குட்டை வரைக்கும் நடந்து போனார்.

இப்போது வேலைத்தளத்தில் சின்னதாக ஒன்று செய்கிறேன். இறைக்கச் சொல்வதற்கு முன் ஒருமுறை நேரில் போய் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கொசுப்புழு இருந்தால் இறைத்துவிடச் சொல்வேன். இல்லையென்றால், தலைப்பிரட்டைக்குக் கால் வந்திருந்தால், மேலதிகாரியிடம் ஒரு வாரம் கேட்பேன். மூன்று தடவை கேட்டேன், ஒரு தடவை கிடைத்தது.

பாட்டி 2021-இல் இறந்துபோனார். போன நவம்பரில், நாங்கள் இப்போது இருக்கும் தாமானின் வாட்ஸ்ஆப் குழுவில் ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் 'ம்ம்ஆ, ம்ம்ஆ' என்று கேட்டது. "யாரோ லொங்காங்குல மாட்ட கட்டிவெச்சிருக்காங்களா? பயமா இருக்கு" என்று கேட்டார். வெளியே போய் நின்று கேட்டேன். மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து தமிழில் தட்டச்சு செய்தேன்: "மாடு இல்லக்கா. தவளை. சண்டையும் இல்ல. ரெண்டு நாள்ல அதுவா போயிடும்."